சல்லடைச் சாளரம்: அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரக் கொசுவலைகள் குறித்து ஓர் ஆய்வு

கோயில், கல்வெட்டு, கும்மிப்பாட்டு, குலசாமி, ஒப்பாரி, கோலம் என்று எங்கள் கரிசல் சீமையில் ஆய்வேடு ஆகாத பொருள் அநேகமாக மிச்சமில்லை. ஜன்னலில் அடிக்கிற கொசுவலை மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டது. முனைவர் பட்டத்துக்குப் படித்தவர்கள் எல்லாரும் அதன் வழியாகத் தெருவைப் பார்த்திருக்கிறார்கள், அதைப் பார்க்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்தது இந்த ஆய்வு. நெறியாளர் கிடையாது. நிதிநல்கை, சித்தி முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுத்த இருநூறு ரூபாய். அதில் பாதி ஒட்டுகிற டேப்புக்குப் போயிற்று, மீதி காராச்சேவுக்கு. வரவு செலவுக் கணக்கு இத்துடன் முடிந்தது.

ஆய்வுக்குத் தூண்டுகோல், ஹூஸ்டனிலிருந்து விடியற்காலை வந்த ஒரு போன். சித்தி மகன் அங்கே வேலையில் இருக்கிறான். போன தடவை ஊருக்கு வந்தபோது ஒரு சுருள் கண்ணாடியிழை வலையும் அலுமினியச் சட்டங்களும் வாங்கிப் பரணில் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

“அண்ணே, அம்மா வீட்டு ஜன்னலுக்கெல்லாம் அந்த மெஷ்ஷ மாட்டி விட்டுருண்ணே. இங்க வலை இல்லாத வீடே கிடையாது. அங்க டெங்கு டெங்குங்கிறாங்க, கேக்கவே பயமா இருக்கு.”

“மாட்டிருவோம்ப்பா” என்றேன். வலை மாட்டுவது அரை மணி நேர வேலை என்று அப்போது நினைத்திருந்தேன்.

களமும் கருவிகளும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு பஸ்ஸில் அரை மணி. வழியெல்லாம் கரிசல் மண், சீமைக்கருவேலம், அங்கங்கே கரிமூட்டப் புகை. மழை ஐப்பசி கார்த்திகையில் வந்தால் உண்டு. மற்ற மாதங்களை வெயிலும் காற்றும் முறை வைத்துப் பார்த்துக்கொள்கின்றன. இந்த வட்டாரத்தின் முதல் கொசு ஒழிப்பு நடவடிக்கையும் திருச்சுழியில்தான் நடந்தது என்று கொள்ள இடமுண்டு. ஊழி வெள்ளம் சூழ்ந்தபோது சிவபெருமான் சூலத்தால் நிலத்தில் துளை போட, வெள்ளம் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது, அதனால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்பது தலபுராணம். சுந்தரர் பாடிய ஊர். தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள் என்று சுகாதாரத் துறை இன்றைக்கு ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வதைத் திருமேனிநாதர் அன்றைக்கே செய்து காட்டிவிட்டார்.

மாதிரி வீடுகள் மூன்று. அருப்புக்கோட்டையில் என் வீடு ஒன்று. திருச்சுழியில் சித்தி வீடு இரண்டு. மூன்றாவது, சம்பந்தி வீடு. பெண் கொடுத்த இடமாகையால் அங்கே டேப்பைப் பிடித்துக்கொண்டு நுழைய முடியவில்லை. தெருவில் இரண்டு முறை நடந்து கண்ணளவில் எடுத்த குறிப்புகளே கைவசம் உள்ளன. இரண்டாம் முறை நடந்தபோது சம்பந்தி வெளியே வந்து, “என்ன மச்சான், உள்ள வராமப் போறீங்க?” என்று கேட்டுவிட்டதால் களப்பணி நின்றது. கருவிகள்: தையல் டேப், டார்ச், கொசு அடிக்கிற பேட். பேட்டுக்கு சார்ஜ் நிற்காது.

வலை வருவதற்கு முன்பு இந்த ஊர்களில் திறப்புகளை மறைத்தவை பனையோலைத் தட்டி, சாக்குப் படுதா, பாசிமணித் தொங்கல், சேலை. இதில் சேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டை நெசவூர். நெசவூரில் திரைச்சீலை என்று தனியாக ஒன்றை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. சேலைக்கு அது ஒரு ஆசிரமம். முதலில் கல்யாண வீட்டுக்கு, அப்புறம் கடைகண்ணிக்கு, அப்புறம் வீட்டுக்குள், அப்புறம் தொட்டில், அப்புறம் ஜன்னல். ஜன்னலுக்குப் பிறகு கரித்துணியாகி அடுப்படியில் மோட்சம். எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் இப்போது தொங்குவது என் தங்கை நிச்சயதார்த்தத்துக்கு அம்மா கட்டிய அரக்குச் சேலை. தங்கைக்குப் பேரன் பிறந்துவிட்டான்.

பதினெட்டுக்குப் பதினாறு

வலைச்சுருளைப் பரணிலிருந்து இறக்கி என் வீட்டுத் திண்ணையில் விரித்ததும் முதலில் வந்து பார்த்தவர் பக்கத்து வீட்டுத் தறிக்கார மாமா. குழித்தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போனவர். துணி என்று எதைக் கண்டாலும் கை தானாக நீளும். ஓரத்தைப் பிடித்து வெயிலுக்கு எதிராகத் தூக்கினார். ஊக்கின் முனையை வைத்து ஒரு அங்குலத்துக்கு இழை எண்ணினார். உதடு அசைந்தது.

“பாவு பதினெட்டு, ஊடை பதினாறு” என்றார்.

பெட்டியின் மேல் 18 × 16 என்றுதான் அச்சடித்திருந்தது. உலகம் முழுக்க ஜன்னல் வலைக்கு நடப்பில் உள்ள கணக்கு அது. ஒரு சதுர அங்குலத்துக்கு 288 கண்கள். ஒவ்வொரு கண்ணும் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கொசு தன் சிறகையும் காலையும் வைத்துக்கொண்டு அதற்குள் நுழைய முடியாது.

“இத நெசவுன்னு சொல்லி விக்கிறானா? பாவுக்கும் ஊடைக்கும் நடுவுல பாய் விரிச்சுப் படுக்கலாம் போலருக்கு.”

“காத்து வரணும்ல மாமா.”

“காத்து வர்றதுக்கு எதுக்குய்யா தறி?”

இந்தக் கேள்விக்கு இவ்வாய்வாளரிடம் இன்றுவரை பதில் இல்லை. உழைத்து இழை இழையாகச் சேர்த்து, கடைசியில் எதுவும் இல்லாத இடத்தை நெய்து கொடுப்பது என்பது நெசவாளிக்கு ஏறாத விஷயம். மாமா போகும்போது ஓரத்தைச் சுண்டிப் பார்த்து, “கஞ்சி மட்டும் நல்லா ஏத்திருக்கான்” என்று சான்றிதழ் கொடுத்தார். அது பிளாஸ்டிக் பூச்சு.

மறுநாள் சுருள் திருச்சுழிக்குப் போயிற்று. சித்தி அதைப் பார்த்த பார்வையில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

“இது சல்லடையில்ல? இதப் போயி ஏன்யா ஜன்னல்ல அடிக்கணுங்கிறான்?”

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு வேண்டும். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் ஜார்ஜ்டவுன் என்று ஒரு ஊர். அங்கே கில்பர்ட் அண்ட் பென்னெட் என்ற கம்பெனி, முதலில் குதிரை மயிரிலும் பிறகு கம்பியிலும் சல்லடை செய்து விற்றுக்கொண்டிருந்தது. 1861இல் உள்நாட்டுப் போர் வந்ததும் தென் மாநிலச் சந்தை ஒரே நாளில் அடைபட்டது. சல்லடைத் துணி கிடங்கில் மலையாகக் குவிந்துவிட்டது. துருப்பிடிக்காமல் இருக்கச் சாம்பல் பெயின்ட் அடித்து, ஜன்னலுக்குப் போடுங்கள், பூச்சி வராது என்று விற்றார்கள். ஹூஸ்டனில் வலை இல்லாத வீடே கிடையாது என்று தம்பி சொல்வதன் பூர்வோத்தரம் இதுதான்: விற்காமல் போன சல்லடை. கனெக்டிகட்காரர்கள் சல்லடையை ஜன்னலாக்கினார்கள். சித்தி ஒரே பார்வையில் ஜன்னலைச் சல்லடையாக்கிவிட்டார். அவருக்குக் கிடங்கில் சரக்கு எதுவும் தேங்கியிருக்கவில்லை.

சொல்லாராய்ச்சி

ஜன்னல் என்ற சொல் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த ‘ஜனெலா’. அதற்கு மூலம், லத்தீனில் சின்னக் கதவு. அதற்கு முன்னால் நாம் ஜன்னல் இல்லாமல் புழுங்கிக்கொண்டிருந்தோம் என்று நினைக்க வேண்டாம். சிலப்பதிகாரத்தில் ‘காலதர்’ இருக்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கிலத்து ‘விண்டோ’வைக் கிண்டிப் பார்த்தால் பழைய நார்ஸ் மொழியில் ‘காற்றுக்கண்’ என்று வருகிறது. பனிக்குள் கிடந்த வடக்கத்தியானும் புழுக்கத்தில் கிடந்த தெற்கத்தியானும் சுவரில் ஓட்டை போட்டதும் ஒரே காரணத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

நம்மிடம் ‘பலகணி’யும் உண்டு: பல கண். ‘சாலேகம்’ என்று ஒன்றும் உண்டு. அது வடமொழி ‘ஜாலம்’ என்பதிலிருந்து வந்தது, ஜாலம் என்றால் வலை. ஆக, வலை என்ற பொருளிலேயே ஜன்னலுக்கு ஒரு பெயரை வைத்துக்கொண்டு, வலையை மட்டும் ஹூஸ்டனிலிருந்து சொல்லி மாட்டும்படி விட்டுவிட்டோம். இன்றைய திருச்சுழி வழக்கில் இந்தப் பொருளுக்குப் பெயர் ‘நெட்டு’. “நெட்டு போட்டாச்சா?” என்று கேட்டால் கேபிள்காரரா, ஆசாரியா, யாரை மனதில் வைத்துக் கேட்கிறார்கள் என்பதைக் கேட்பவரின் வயதை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

பூனை

மதிப்பதில்லை.

கை நுழையும் நாகரிகம்

அமெரிக்க ஜன்னல் மேலும் கீழுமாகச் சறுக்கும்; வலை வெளிப்பக்கம் நிற்கும். ஜெர்மன் ஜன்னல் உள்பக்கமாகத் திறக்கும், சாயும். ஜப்பானில் ‘அமிடோ’ என்று வலைக்கதவு தண்டவாளத்தில் ஓடும். இங்கிலாந்தில் பெரும்பாலும் வலையே கிடையாது. ஜன்னலைத் திறந்தால் குளவி வரும், குளவி வந்ததும் மொத்தக் குடும்பமும் எழுந்து நிற்கும், அவ்வளவுதான் ஏற்பாடு. சிங்கப்பூரில் வீட்டுக்குள்ளே கொசு வளர்த்தது தெரிந்தால் அபராதம்.

நம் ஜன்னலின் அமைப்பே வேறு. நிலைச்சட்டத்தில் நெட்டுக்குத்தலாகக் கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் மரக்கதவு, வெளிப்பக்கமாகத் திறப்பது. சாத்த வேண்டுமென்றால் கம்பிக்குள் கையை விட்டு, கன்னத்தைக் கம்பியில் அழுத்தி, எட்டி இழுத்துக் கொக்கி மாட்ட வேண்டும். இதற்கு உள்பக்கம் வலை அடித்தால் கை நுழையாது. வெளிப்பக்கம் அடித்தால் கதவு சாத்தாது. உலகச் சந்தையில் உள்ள எந்த வலையும் கம்பிக்குள் கை விடுகிற மனிதனை நினைத்துச் செய்யப்பட்டதல்ல. அதனால்தான் கரகரவென்று பிய்த்து எடுக்கிற டேப் கொண்ட வலை நம்மூரில் ஓடுகிறது. ஒரு பஜார் கடையில் அது பத்து வருஷம் ஒட்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். சித்திரை வெயிலுக்குப் பசை உருகி, ஒரு மத்தியான வேளையில் வலை முழுசாகக் கழன்று, கீழே படுத்திருந்த இவ்வாய்வாளர் மேல் கெண்டைமீனுக்கு விழுந்த மாதிரி விழுந்தது.

கையைச் சும்மா சாத்துவதற்கு மட்டும் நாம் உள்ளே விடுவதில்லை. கருவேப்பிலைக் கொத்து, பால் பாக்கெட், கரண்டு பில், உறை மோர், வெளியூர் போகிறவர் விட்டுப்போகும் சாவி எல்லாம் கம்பி வழியாகத்தான் போகின்றன, வருகின்றன. சித்தி வீட்டுத் தெரு ஜன்னலில் வலை மாட்டிய நாலாம் நாள் பார்த்தேன். கீழ்மூலையில் ஒரு கை அகலத்துக்கு டேப் பிரிந்திருந்தது.

“எதிர்த்த வீட்டுப் பிள்ள பூ குடுக்க வந்துச்சு. ரெண்டு முழம் மல்லிகப்பூவ வச்சுக்கிட்டுத் தெருவுல எத்தன நேரம் நிக்கும்?”

அருப்புக்கோட்டை என்பது அரும்புக்கோட்டையின் மரூஉ என்று சொல்லிக்கொள்கிற சீமை இது. பூவுக்கு வழி விடாத வலை இங்கே நிற்குமா? மூன்று மாதிரி வீடுகளிலும் அந்தக் கீழ்மூலை பிரிந்தே இருக்கிறது. சம்பந்தி வீட்டில் இரண்டு மூலை.

விளக்கு வைக்கும் நேரம்

1900ஆம் ஆண்டு இத்தாலியில், ரோமாபுரிக்குப் பக்கத்தில் ஓஸ்தியாவின் சதுப்பு நிலத்தில், ஒரு மரக்குடிசை நட்டார்கள். கதவு ஜன்னல் முழுக்கக் கம்பி வலை. மலேரியாவுக்குப் பேர் போன இடம். பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவரின் ஏற்பாட்டில் சாம்பன், லோ என்ற இரண்டு டாக்டர்கள் அதில் கோடைகாலம் முழுக்கக் குடியிருந்தார்கள். வேறு மருந்து மாயம் கிடையாது. ஒரே விதி: சூரியன் இறங்குவதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், உதித்த பிறகுதான் வெளியே வர வேண்டும். சுற்றிலும் ஊரெல்லாம் காய்ச்சலில் கிடக்க, இவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. வலையின் பெருமையை உலகம் ஒப்புக்கொண்டது.

அந்த விதியைத் திருச்சுழியில் அமலாக்க முடியுமா என்று பார்த்தேன். முடியாது. ஓஸ்தியாவில் கதவைச் சாத்த வேண்டிய அதே நிமிஷம்தான் இங்கே கதவைத் திறக்க வேண்டிய நிமிஷம். விளக்கு வைக்கிற நேரத்தில் கொல்லைக்கதவு சாத்தியிருக்க வேண்டும், வாசற்கதவு திறந்திருக்க வேண்டும். லட்சுமி வருகிற நேரம். சாக்கடைக் கொசுவும் அதே நேரத்தில் அதே வாசலில்தான் வருகிறது. நேரம் தவறாமல் வருவதில் இரண்டு பேரில் யார் கெட்டி என்பதைச் சொல்ல நான் ஆளில்லை.

இதனால் எழும் ஐயம்: வலைக்கதவைச் சாத்தி மரக்கதவைத் திறந்து வைத்தால் அது திறந்ததாகக் கணக்கா, சாத்தியதாகக் கணக்கா? 288 கண் போதுமா? குத்துவிளக்கைத் தட்டில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்த சித்தியிடம் கேட்டேன்.

“அவ வரணும்னு நெனச்சா சாவி ஓட்டையிலகூட வருவா. அதுக்காக வீட்டுக்கு வர்றவள வல வழியா வான்னு சொல்றதா? மரியாத வேணாமா?”

ஆக, ஆறிலிருந்து ஆறரை வரை எல்லாம் திறந்திருக்கும். சாம்பிராணி போடுவார்கள். வருகிறவர்கள் வந்து இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு வலைக்கதவு சாத்தப்படும், பத்திரமாக.

பகல் நேரத்துக்கும் சட்டம் உண்டு. இங்கே பட்டப்பகலில் வாசற்கதவு சாத்தியிருந்தால் ஊரில் இல்லை என்று அர்த்தம், அல்லது வீட்டில் ஏதோ சண்டை. வலைக்கதவு சாத்தியிருந்தாலும் அதே சந்தேகத்தில் பாதி வரும். முதல் வாரத்தில் மூன்று பேர் வந்து, “என்னக்கா, உடம்புக்கு முடியலையா?” என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். உண்மையிலேயே யாரும் உள்ளே வரக்கூடாது என்றால் அதற்கு வலை தேவையில்லை. அம்மை போட்ட வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருக்கும். இழை எண்ணிக்கை எதுவும் இல்லாத அந்த வலையை மீறிக் கடன்காரன்கூட உள்ளே வந்ததில்லை.

யாரது?

வலைக்குப் பின்னால் பகலில் இருட்டு. தெருவில் நிற்பவர் வெளிச்சத்தில் நிற்கிறார். அவருக்கு வலை ஒரு சாம்பல் சுவர். உள்ளே இருப்பவருக்கோ தெரு முழுசும் தெரியும்: யார் சட்டைப்பை கனமாக இருக்கிறது, யார் வீட்டுப் பையில் கறி இருக்கிறது, எல்லாம். டியூப்லைட் போட்டதும் காட்சி தலைகீழாகிவிடும். வீட்டுக்குள் ஓடுகிற சீரியல் தெருவுக்குத் தெரியும், தெரு வீட்டுக்குத் தெரியாது. வெளிச்சம் எந்தப் பக்கம் கூடவோ அந்தப் பக்கம் அம்பலம்; இயற்பியல் அவ்வளவுதான். அதனால் வலை மாட்டிய வீட்டுக்கும் ராத்திரிக்கு ஒரு சேலை தேவைப்படுகிறது. அரக்குச் சேலைக்குப் பென்ஷன் கிடையாது.

இந்தப் பகல் இருட்டால் வாசலில் ஒரு உரையாடல் உருவாகியிருக்கிறது. அதைப் பதிவு செய்வது ஆய்வாளன் கடமை.

“யாரது?”

“நான்தான்.”

“நான்னா யாரு?”

“நான்தான் சித்தி.”

“அதான் கேக்குறேன், நான்னா யாரு?”

கவனிக்க வேண்டியது இடம். 1879 டிசம்பர் 30 அன்று ரமணர் பிறந்த ஊர் இது. அவர் பிறந்த வீடு சுந்தர மந்திரம் என்று கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. 1902 வாக்கில் திருவண்ணாமலையில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதிக் காட்டிய விடைகள்தான் பிறகு ‘நான் யார்?’ என்ற நூல். அதே விசாரணை அவர் பிறந்த ஊரில் இன்றும் வலைக்கதவுக்கு வெளியே தினம் நடக்கிறது. வெயிலில் நின்று மூன்று தரம் பதில் சொன்ன பிறகு, நான் என்று எதை இதுவரை சொல்லிவந்தோம் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சித்திக்கு என் செருப்புச் சத்தம் தெரியும். ஆனாலும் கேட்பார்.

ஈசலும் தூசியும்

ஆடி பிறந்ததும் மேகாற்று எடுத்தது. இந்த வட்டாரத்தில் காற்று சும்மா வராது, ஊரை எடுத்துக்கொண்டு வரும். வலையில் படிந்த தூசியின் நிறத்தை வைத்தே காற்று எந்த வழியாக வந்தது என்று சொல்லிவிடலாம்: கரிசல் என்றால் கறுப்பு, சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பந்தல்குடிப் பக்கத்தது என்றால் வெளுப்பு. இரண்டு வாரத்தில் பதினெட்டுக்குப் பதினாறு அடைத்து, கொசுவலை கொசுச்சுவராகிவிட்டது. சதுப்பு நிலத்துக்காரன் இதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டான். நமக்குக் கொசுக்கடியைவிடக் காற்றில்லாத ராத்திரி பெரிய வியாதி. சித்தி கட்டிலைத் தூக்கி முற்றத்தில் போட்டுக்கொண்டார். முற்றத்துக்கு வலை கிடையாது.

பிறகு மழைக் காலத்தின் முதல் மழை. மறுநாள் அந்தியில் ஈசல். எங்கள் பக்கத்தில் ஈசல் பூச்சிக் கணக்கில் வருவதில்லை, பண்டத்தின் கணக்கில் வரும். லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு, ஒரு விளக்கை மட்டும் தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பிடிப்பார்கள். சிறகு உதிர்த்து, வறுத்து, பொரியும் பொட்டுக்கடலையும் சேர்த்துத் தின்றால் அந்த ருசி தனி. வலைக்கு அந்தப் பக்கம் டியூப்லைட் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து ஈசல் மோதி விழுந்தன. சித்தி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வலைக்கு இந்தப் பக்கம் சுவரில் இருந்த பல்லியும் பார்த்துக்கொண்டிருந்தது.

“வர்ற சீதேவிய வெளிய நிப்பாட்டிட்டான்” என்றார். ஹூஸ்டனைத்தான் சொன்னார்.

உள்ளூர்க் கொசு

இவ்வளவுக்கும் பிறகு கொசு குறைந்ததா என்பதுதான் கேள்வி. குறையவில்லை. சித்தியின் வாக்குமூலப்படி, “முன்னல்லாம் கடிச்சிட்டு வெளிய போயிரும். இப்ப போக முடியாம இங்கயே கெடக்கு.”

இதைக் கிழவி வார்த்தை என்று தள்ளத் தயாராக இருந்தேன். அந்த வாரம் கொசுப்புழு ஒழிப்புப் பணிக்கு வருகிற அக்கா வந்தார். வலைகளை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போனார். நீல டிரம் இரண்டு, சிமெண்டுத் தொட்டி ஒன்று, குடங்கள் ஒரு வரிசை. வானம் பார்த்த சீமையில் குழாய் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. வந்த அன்றைக்குப் பிடித்து வைப்பதுதான் பிழைப்பு. இரண்டாவது டிரம்மின் மூடியைத் தள்ளி டார்ச் அடித்தார். தண்ணீருக்குள் கமாப்புள்ளி மாதிரி பத்திருபது நெளிந்து, வெளிச்சம் பட்டதும் தலைகீழாக அடியை நோக்கி ஓடின.

“எத்தன நாள் தண்ணிம்மா?”

“அது இருக்கும், போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி.”

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை மதிப்பதில்லை. குடிக்கிற தண்ணீர் மாதிரி தெளிந்த தண்ணீர் வேண்டும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள், பத்து நாள் போதும். டிரம் காய்ந்து கிடந்தாலும் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் தாங்கி, தண்ணீர் ஊற்றிய அன்றைக்கு உயிர் பிடிக்கும். தண்ணீர் வரும் இடைவெளி நீள நீள அதற்குப் பிரசவ வசதி. கடிப்பதும் பகலில். வறண்ட ஊரில் கொசு ஏது என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை: வறட்சியால்தான் தண்ணீரைச் சேர்க்கிறோம், சேர்ப்பதால்தான் கொசு. ஹூஸ்டன் வலை வெளியூர்க் கொசுவுக்காகச் செய்தது. நம்முடையது வீட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. ரேஷன் கார்டில் பெயர் இல்லாதது ஒன்றுதான் குறை. அதற்கு வலை என்பது காம்பவுண்டுச் சுவர்.

இந்த நாட்டில் வலையை இந்த விதத்தில் பயன்படுத்துவதற்கு முன்னோடி உண்டு. 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட சரித்திரத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதற்கு உசேன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கட்டிலில் படுக்க வைத்துக் கொசுவலை கட்டினார். கொசு வராமல் இருப்பதற்கல்ல. தான் வளர்த்த கொசுக்களை வலைக்குள் விட்டு, அவை கடிக்காமல் வெளியே போய்விடாதபடி பார்த்துக்கொள்வதற்கு. ஒரு கொசு கடித்தால் ஓரணா என்று கூலி. சித்தி வீட்டில் அதே சோதனை இப்போது நடக்கிறது, அணா மட்டும் வருவதில்லை.

பணிக்கு வந்த அக்கா மருந்து ஊற்றி, சுவரில் சாக்பீஸால் தேதி போட்டு, டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவச் சொன்னார். போகும்போதுதான் வாசல் வலையைக் கவனித்தார். “நல்லாருக்கும்மா, எங்க வாங்குனீங்க? இத டிரம்முக்கு மேல கட்டுங்க” என்றார்.

பிற்சேர்க்கை

ஒரு துண்டு டிரம்முக்குப் போயிற்று. ரப்பர் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டியிருக்கிறோம். இந்த ஆய்வில் வலை தன் வேலையைப் பார்த்த ஒரே இடம் அது. சமையலறை வலை மொட்டைமாடியில் மோர்மிளகாய்க்கு மேல் கிடக்கிறது. காக்கா அதன் மேல் வந்து உட்கார்ந்து ஓட்டை ஓட்டையாக எட்டிப் பார்க்கிறது. தெரு ஜன்னலில் பழையபடி கம்பியும் சேலையும். எதிர்த்த வீட்டுப் பிள்ளையின் கை தாராளமாக வந்து போகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் திருச்சுழியில் இருந்தபோது தம்பி வீடியோவில் வந்தான். சித்தி முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடிமேல் அலுமினியச் சட்டம், அதன் மேல் இரண்டு படி கம்பு. போனை நான் பிடித்துக்கொண்டேன். முகம் மட்டும் தெரிகிற மாதிரி.

“எம்மா, நெட்டு எப்பிடி இருக்கு? நல்லா நிக்குதா?”

சித்தி சட்டத்தை இரண்டு பக்கமும் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். “நல்லா நிக்குதுய்யா. மண்ணு மட்டுந்தான் கீழ விழுது.”

“அதுக்குத்தாம்மா அந்த மெஷ்ஷா பாத்து வாங்குனேன். அண்ணன் நல்லா டைட்டா மாட்டிருக்காரா?”

“அதெல்லாம் இறுக்கமாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு, சித்தி விரலால் சட்டத்தின் ஓரத்தை நாலு தட்டுத் தட்டினார். கம்பு துள்ளி அடங்கியது.